எட்டாவது

மனோலித் தீவில் இறங்க எனக்கு அனுமதி உண்டு.
காக்கிச் சட்டை, தொலைநோக்கி, ஒரு படிவம்,
மாதக் கடைசியில் வருமென்று சொல்லப்படும் சம்பளம்.
கண்டல் காட்டின் விளிம்பில் குந்தி
வத்தத்தில் தெரியும் சேற்றை எண்ணுகிறேன்.

படிவத்தில் அதற்குப் பெயர் பெரிய உள்ளான்.
எங்கள் சின்னப்பாலத்தில் வெறும் உள்ளான்;
கரையில் குறுகுறுவென்று ஓடுகிற எதுவும் உள்ளான்தான்,
குளிக்கக் கூப்பிட்டால் சிக்காத பிள்ளையும்கூட.

போன தையில் முப்பத்தொன்று.
இந்தத் தையில் ஏழு.
கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்துவிட்டு
மறுபடி எண்ணினேன்.
ஏழு.

கூப்பிடு தூரத்தில், போயா மிதக்கும் கோட்டருகே
கழுத்தளவு நீரில் ஒரு தலை.
சேதுராக்கு. என் கொழுந்தியா.
புருஷன் சட்டை, விரல்களில் துணிச்சுற்று,
பாதத்தில் ரப்பர் வாரால் கட்டிய அலுமினியத் தட்டு.
போன வருஷம் தீவில் கரையேறினாள் என்று
அவள் பாசிச் சாக்கை நான்தான் பிடுங்கினேன்.
அபராத ரசீதில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.
அதற்குப் பின் எங்கள் வீட்டுக் குழம்பை அவள் தொட்டதில்லை.

"எட்டு" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.
"வேருக்கு அங்குட்டு ஒண்ணு நிக்கிது, ஒத்தைக் கால்ல.
கால்ல மஞ்சப் பட்டை.
விடியக்காலத்துலருந்து வெளியிலதான் நின்னுச்சு.
போட்டுச் சத்தத்துக்கு உள்ள ஒதுங்கிருச்சு."

வேருக்கு அங்குட்டுப் போய்ப் பார்த்தேன்.
நின்றது.
நெஞ்சில் மங்கல் புள்ளி தெளித்து,
மறுகாலை வயிற்றுக்குள் மடக்கி,
எந்தப் பனித் தேசத்திலோ யாரோ மாட்டிய பட்டையோடு.
அத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறது,
யாரும் மறித்து ரசீது கிழிக்கவில்லை.

எட்டு என்று எழுதினேன்.
'கண்டவர்' என்றொரு கட்டம் இருக்கிறது.
பேனா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
அவள் பெயரைப் போட்டால்
எங்கிருந்து கண்டாள் என்பார் ரேஞ்சர்,
போயாவுக்கு உள்ளேயா வெளியேயா.
நம்புராஜன் என்று எழுதினேன்.

நிமிர்ந்தால் தலையைக் காணோம். மூழ்கியிருந்தாள்.
என்னையறியாமல் நானும் மூச்சைப் பிடித்தேன்,
எண்ணினேன்.
நாற்பத்திரண்டில் எழுந்தாள், கை நிறையப் பாசி,
போயாவுக்கு இந்தப் பக்கம்.

தொலைநோக்கியை உறையில் போட்டு
பொத்தானை மாட்டினேன்.