இருபது சொற்களுக்குள்

ஷெல்டன் கேட்டது ஒரே வாக்கியம்.
செயலியின் முகப்புக்கு, தீபாவளிக்குள்,
தமிழில். இருபது சொற்களுக்குள்.
உம்ஷ்லாங்காவில் இந்த ஏழாம் மாடியில்
தமிழ் எழுதும் கை என்னுடையது ஒன்றுதான்.
அதுவும் சனிக்கிழமைப் பள்ளியில்
ளகரத்துக்கும் ழகரத்துக்கும் அடி வாங்கிய கை.

ஆங்கிலத்தில் அது எளிது. நாலே எழுத்து.
விலை இல்லை என்பதற்கும் அதுதான்,
விலங்கு இல்லை என்பதற்கும் அதுதான்.
இதே ஊரில் ஒரு தலைமுறை
அந்தச் சொல்லைச் சுவரில் எழுதிவிட்டு
இருட்டில் ஓடியிருக்கிறது.
இப்போது அது ஆரஞ்சு நிறப் பொத்தானில் இருக்கிறது.

தமிழில் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தேன்.
இலவசம்:
உள்ளே ஓர் இலவமரம்,
கிளையில் அந்தக் கிளி,
காய் பழுக்கட்டும் என்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது.
ஓசி:
ஷெல்டனுக்குப் புரியாது,
என் மாமிக்குப் புரிந்துவிடும்.
உபயம்:
கோயில் டியூப்லைட்டில்
வெளிச்சத்தை விடப் பெரிதாய்
கொடுத்தவர் பெயர் இருக்குமே, அது.
பார்க்கப் போனால் இதுதான் சரி.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
உபயதாரர் வந்து நின்று
தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.
ஆனால் 'பழைய வாசனை அடிக்குது' என்றார்கள்
தமிழ் தெரியாதவர்கள்.

கம்பெனிகளுக்குக் காட்ட வேறொரு வாக்கியம் உண்டு.
அதற்கும் நான்தான் பிழை திருத்தினேன்.
அதில் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
குணசீலன் படையாச்சி இருக்கிறார்,
பெயர் இல்லாமல்.
ஆண். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். தெற்கு டர்பன்.
இரவு பதினொன்றிலிருந்து இரண்டு வரை விழித்திருப்பவர்.
மூன்றில் இரண்டு விளம்பரங்களைக்
கடைசி நொடி வரை பார்ப்பவர்.

விளம்பு என்றால் சொல்.
பந்தியில் பரிமாறுவதும் விளம்புவதுதான்.
இலை அண்ணனுக்குப் போட்டது என்று இருந்தேன்.
அண்ணன்தான்
இலையில் இருக்கிறார்.

மேர்பேங்கில் எங்களுக்கு மேல்வீடு அவருடையது.
சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
சன்னலைச் சாத்திவிட்டு
கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைப்பார்.
டேட்டா தீர்ந்த இரவுகளில் மட்டும்
இலவசம் நின்றுவிடும்.
கரண்ட் போன இரவுகளிலும்.

அன்றைக்கு ரயிலடியில் கதாநாயகி
உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கிறாள்.
உடனே மலை உச்சியில் ஒரு குடும்பம்,
வெள்ளை உடுப்பு, நல்ல பல்வரிசை:
மாதம் எண்பத்தொன்பது ராண்ட்,
உங்கள் இறுதிச் சடங்கு கௌரவமாய் நடக்கும்.
திரும்ப ரயிலடி.
திரும்ப அந்தக் குடும்பம்.
மூன்றாம் இரவு
அண்ணன் எண்ணை அழுத்திவிட்டார்.
"அவ என்னதான் சொன்னா?" என்று கேட்டேன்.
"தெரியல, தூங்கிட்டேன்" என்றார்.
பாலிசித் தாள் குளிர்சாதனப் பெட்டி மேல்
காந்தத்தில் ஒட்டியிருந்தது,
குடும்பத்தில் ஒருத்தர் படம் போல.

வாக்கியம் வராத எரிச்சலில் அவரையே கேட்டேன்,
நீங்க பாக்கிறது என்னன்னு ஒருத்தருக்குச் சொல்லணும்னா
எப்படிச் சொல்வீங்க?
சீனியைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"சும்மாதான் தங்கச்சி. படம் ஓடுது.
நடுவுல யாரோ கதவத் தட்டி
நம்ம வயசக் கேட்டுட்டுப் போறாங்க."

படியிறங்கும்போது விரல் விட்டு எண்ணினேன்.
பன்னிரண்டு.
இன்னும் எட்டுச் சொல் மிச்சம் இருக்கிறது, ஷெல்டன்.
சட்டப் பிரிவு தன் நிபந்தனைகளை
அதில் வைத்துக்கொள்ளலாம்.

திங்கள் காலை நான் அனுப்பியது
அது இல்லை.
நான் அனுப்பியதில் இலவசம் இருந்தது,
இரண்டு முறை, ஆச்சரியக்குறியோடு.
கிளியைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.