மணல் வேண்டாம்

வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்குப் பன்னிரண்டு.
ஐப்பசியில் காலை வைத்தால்
செருப்பை அது வைத்துக்கொள்ளும்.
சித்திரையில் கடப்பாரையைத் திருப்பி அனுப்பும்.
வெடிப்பில் விழுந்த என் கொலுசுத் திருகாணியை
இன்னும் தரவில்லை.

முதல் வருசம் முள்ளங்கி போட்டேன்.
மூன்று விரல் இறங்கி, தட்டுப்பட்டதும்
பக்கவாட்டில் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"ரெண்டு லோடு மணல் அடிங்க அம்மிணி,
பொலபொலன்னு ஆயிரும்.
கம்பெனியில கழிவு மணல் சும்மாதான கெடக்குது"
என்றார் சூப்பர்வைசர் திருமூர்த்தி.
டெம்போ வாடகை மட்டும் என்னுடையது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அரசூர் பவுண்டரியில் பதினோரு வருசமாக
மணல் சோதிக்கிறவள் நான்.
நூறு பங்கு மணலுக்கு எட்டுப் பங்கு களி, கொஞ்சம் ஈரம்,
குழலுக்குள் போட்டு மூன்றே இடி.
இரண்டு அங்குலத் தூணாக எழுந்து நிற்கும்.
அந்த மணலைக் குடைந்துதான் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள்.
தண்ணீர் மாதிரி ஓடும் நெருப்பு
பம்பின் வயிறாக உறைகிற வரைக்கும்
அது அசைவதில்லை.

களியும் மணலும் கைகோத்தால் என்ன ஆகும் என்று
திருமூர்த்திக்கும் தெரியும்.
கம்பெனி கேட்டைத் தாண்டினால் மறந்துவிடுகிறது.

ஆனாலும் ஒருநாள்
தூக்குச் சட்டியின் மேல்தட்டில்
பொரியலுக்குப் பதில் தோட்டத்து மண் கொண்டுபோனேன்.
மதியம், ஆள் இல்லாத நேரம், மூன்று இடி.
காற்று போகிறதா என்று பார்க்கும் கருவியில் வைத்தேன்.
முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.
அச்சில் காற்றுக்கு வழியில்லை என்றால்
வார்ப்பில் ஓட்டை விழும்; உடைத்து மறுபடி உருக்கலாம்.
வேருக்கு மூச்சு முட்டினால்
உருக்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

பாதி மணல் கலந்து இன்னொன்று.
காயவைத்துச் சுத்தியலால் தட்டினேன்.
மேசைதான் சத்தம் போட்டது.
அந்தத் தூண் இப்போதும் அங்கே
பில் தாள்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவை எல்லாம்
அழுகத் தெரிந்தவை.
பொள்ளாச்சி நார்க்கழிவு
ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து
சிவப்புத் தண்ணீராக வடிந்து தீர்ந்தது.
கடலைத் தொப்பி. வேப்பஞ் சருகு.
எருமை வைத்திருக்கும் சுலோச்சனாவின் சாணக்குப்பை,
மூட்டை நாற்பது ரூபாய், புழு இலவசம்.
புரட்டாசியில் சணப்பை விதைத்தேன்.
மஞ்சளாய்ப் பூத்த வாரம்
மடக்கி மண்ணுக்குள் விட்டபோது
"பூத்ததையா?" என்றார் ரங்கதுரை.
ஆமாம். பூத்ததைத்தான்.

ஈரத்தில் மிதிக்கக் கூடாதென்று
பம்பு கட்டிவந்த பெட்டிப் பலகைகளைப்
பாத்திக்கு நடுவே போட்டிருக்கிறேன்.
மழை விட்ட ஒருநாள் பொழுதோட
குழாயை மூடப் போன மனுசன்
நேராக நடந்தார்.
ஆறு காலடி. ஒவ்வொன்றும் ஓர் அச்சு,
சைஸ் ஒன்பது, விளிம்பு பிசகாமல்,
இரும்பு ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.
ரெண்டு நாள் அவரோடு பழமை பேசவில்லை.

மூன்றாம் வருசம், மாசி.
மறுபடி தூக்குச் சட்டி, மறுபடி மூன்று இடி.
குழலை உருவினேன்.
தூண் நிற்கவில்லை.
மேசை மேல் சரிந்து
கறுப்பு உப்புமா மாதிரி உதிர்ந்து கிடந்தது,
நடுவில் மட்காத ஒரு தொப்பித் துண்டு.
பழக்கதோசத்தில் பேரேட்டை இழுத்து
'நிற்கவில்லை, தள்ளுபடி' என்று எழுதப் போய்
பேனாவை மூடினேன்.

அன்றைக்குப் பொழுதோட முள்ளங்கி பிடுங்கினேன்.
ஒரு ஜாண் வந்தது, அப்புறம் ஒரு விரற்கடை எச்சு.
அதற்கும் கீழே பழைய களி
நுனியைப் பிடித்துக்கொண்டது.
இழுத்தேன். முறிந்தது.

திருகாணி அங்கேதான் எங்கோ இருக்கிறது.