நூறு சதவீதம்

பத்துக்குப் பத்து என்றார்கள்.
எனக்குச் சாதகம் பார்த்தபோது
ஏழுதான் வந்தது.
ஏழுக்கே கட்டிக் கொடுத்தார்கள்.

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரி, ஆறாவது மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மொட்டைத் தலையோடு சென்னியப்பன்.
அவன் மஜ்ஜையைக் கருக்கித் தரிசாக்கி விட்டார்களாம்.
இனி அங்கே எது முளைத்தாலும்
என்னிடமிருந்து போனதாகத்தான் இருக்கும்.

அஞ்சு நாள் ஊசி.
இடுப்பெலும்பு இரண்டும் பிள்ளைப்பேறு மாதிரி.
"வலிச்சா நல்லதுங்க்கா,
அணுவெல்லாம் வெளிய வருதுன்னு அர்த்தம்"
என்றாள் ஆய்வுப் பிரிவுப் பெண் கௌசிகா.
அவள் கையில் இருபத்திரண்டு பக்கம்.

பனியன் கம்பெனியில் பீஸ் செக் பண்ணுகிறவள் நான்.
ட்யூப்லைட்டுக்கு முன்னால் விரித்துப் பிடித்தால்
ஊசி போன ஓட்டைகூடத் தெரிந்துவிடும்.
காகிதத்தையும் அப்படித்தான் பிடித்தேன்.
"எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை"
என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது.
அதை இரண்டு தடவை படித்தேன்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரம்.
காங்கயம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில்
கார் பானட்டின் மேல் வைத்து நீட்டினார்கள்.
விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பேர்.
யாருக்கு விடுதலை என்று நான் கேட்கவில்லை.
ஏழு ஏக்கர், கிணற்றில் பாதி,
கிளுவை வேலியோடு கொறங்காடு ரெண்டு.
"போடு துளசி, எமகண்டம் வந்துரும்" என்றான்.
போட்டேன்.
அவன் கல்யாணத்துக்கு நான்தான் இணைச்சீர்க்காரி.
அந்தச் சீலை இன்னமும் பீரோவில் கிடக்கிறது.

மெஷின் நாலரை மணி நேரம் ஓடியது.
இந்தக் கையில் எடுத்து
அந்தக் கையில் திருப்பித் தந்தது.
வாங்கினதை உடனே தருகிற ஒன்றை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
உதடு மரத்தது. கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள்.
பையை எட்டிப் பார்த்தேன்:
தக்காளி ரசத்தின் நிறம், ஒரு டம்ளர் இருக்கும்.
இவ்வளவுதானா?
எடை போட்டு லேபிள் ஒட்டினார்கள்.
என் பேர் இல்லை, ஒரு எண்.

பதினாலு நாள்
வெள்ளணு என்று எழுத ஒன்றுமில்லை.
கலாமணி காரிடாரில் உட்கார்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்,
முளைக்காத விதையை விற்றவளைப் பார்ப்பது போல.
பதினஞ்சாம் நாள் முந்நூறு.
மறுநாள் எழுநூறு.
அதற்கும் மறுநாள் கலாமணி
எனக்கொரு டீ வாங்கி வந்தாள்.

ஓ குரூப்காரன் பி ஆகிக்கொண்டிருக்கிறான்.
ரத்தத்தில் ஆண் அணு ஒன்றுகூட இல்லை
என்றது முப்பதாம் நாள் ரிப்போர்ட்.
கொடையாளர்: நூறு சதவீதம்.
நிலம் அவன் பேரில் நூறு.
ரத்தம் என் பேரில் நூறு.
இதைப் பதிய ஆபீஸ் எதுவும் இல்லை.
இருந்தால் என்று
ஒரு நிமிஷம் நினைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் அவன் உள்ளங்கை சிவந்து
தோல் உரியத் தொடங்கியது. பயந்தே போனோம்.
டாக்டர் பதறவில்லை.
"வந்த அணு இருக்கிற உடம்போட சண்டை போடுதுங்க.
கொஞ்சம் சண்டை வேணும்.
ஒளிஞ்சு கிடக்கிற புற்றை அதுதான் தேடிக் கொல்லும்.
எச்சாப் போனா ஆளையே சாச்சுப்போடும்.
எவ்வளவு போதும்ங்கறதுதான்
எங்க ஆராய்ச்சியே."
பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழசு.
சென்னியப்பனுக்கு எதுவென்று
கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் வாடகை அறை.
கலாமணி மாத்திரை வாங்கப் போயிருந்தாள்.
மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிய
இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினான்.
"அரிக்குது துளசி."

நான் ஒருநாளும் போடாத சண்டை
அந்தச் சிவப்பில் நடந்துகொண்டிருந்தது.

களிம்பை எடுத்துத் தடவினேன்,
கொஞ்சமாக.