முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு

ட்ரோண்ட்ஹைமில், ஆற்றைப் பார்த்த நான்காம் மாடியில்,
அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்.
'நிறுத்துகிறோம்' என்றுதான் முதலில் எழுதினேன்.
அடித்துவிட்டு
'புதிய திசையில் நகர்கிறோம்' என்றாக்கினார்கள்.
நன்றியை மேலே ஏற்றினார்கள்.

கூட்டத்தில் ஒரு வரைபடம்.
பெரும் பண்ணைகள் ஒரு பக்கம், கொழுத்த நீலத்தில்.
ஐம்பது ஆட்டுக்குக் கீழே வைத்திருப்பவர்கள்
மெலிந்து மெலிந்து ஓரத்துக்குப் போனார்கள்.
அதற்கு வால் என்று பெயர்.
நறுக்கினால் வலிக்காது என்பதுபோல் ஒருவர் கை காட்டினார்.
நானும் தலையாட்டினேன்.
காப்பி நன்றாக இருந்தது.

ஹல்டிஸ் ஓட்னெஸ் அந்த வாலில் இருந்தாள்.
வடக்கே, கடல் மலைக்குள் நுழைந்து முடியும் இடத்தில்,
நாற்பத்து மூன்று வெள்ளாடுகளோடு.
எங்கள் கழுத்துப்பட்டையை நம்பிக்
கம்பிவேலியைப் பிடுங்கியவள்.
கம்பங்கள் இரண்டு குளிர்காலம் அடுப்பெரிந்தன என்று
சிரித்துக்கொண்டே அவள் சொன்னதை
விளம்பரத்தில் ஓட்டினோம்.
கைப்பேசியில் விரலால் ஒரு கோடு இழுப்பாள்.
ஆடு நெருங்கினால் பட்டை பாடும், ஸ்வரம் ஏறும்,
உச்சியில் ஒரு சுளீர்.
பழகியபின் பாட்டுக்கே திரும்பிவிடும்.

ஜூன் பதினைந்தில் அழைத்தாள்.
திட்டுவாள் என்று தண்ணீர் குடித்து வைத்திருந்தேன்.
"முதல் தேதியே கோடு போய்விட்டது,
பட்டைகளையும் கழற்றிவிட்டேன்,
ஆனாலும் நின்றன" என்றாள்.
அந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல்.
இந்தப் பக்கம் மொட்டை.
சூரியன் மறையாத ராத்திரிகளில்
இல்லாத கோட்டில் வரிசையாக நின்று
காதை விறைத்துக் கேட்டனவாம்,
வராத பாட்டை.

ஒன்பதாம் நாள் ஒரு குட்டி,
ஏப்ரலில் பிறந்தது, பட்டையே அறியாதது,
எதையோ முகர்ந்தபடி கடந்து போயிற்று.
தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் பாய்ந்தது.
ஒன்றும் ஆகவில்லை.
அப்புறம் எல்லாமே.

நாற்பது திரும்பின.
மூன்று, மலைச்சாலை வளைவில்,
மீன் லாரிக்கு அடியில்.

"ஒன்றுதான் கேட்க வேண்டும்," என்றாள்,
"பட்டைகளை என்ன செய்வது?
பேட்டரி இன்னும் நாலு வருஷம் வரும்."
பதில் என் திரையில் தயாராக இருந்தது:
உள்ளூர் விதிகளின்படி அப்புறப்படுத்தவும்.
வாசித்தேன்.
சரி என்றாள்.

போனை அணைக்க மறந்துவிட்டாள் போலும்.
நானும் வைக்கவில்லை.
கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம்.
இறங்கும் சத்தம்.
கல்லில் படும் சத்தம்.