தள்ளினால் ஓடும்

உறைந்த மீனும் பாலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால்
போஸ்தோய்னா கடை வாசலில்,
சாம்பல் நிறப் பெரிய வண்டிகள் இரண்டுக்கு நடுவே
அறுந்து விழுந்த பொத்தானைப் போல
ஒரு ஃபீச்சோ.

வெளிர்நீலம். பின்பக்க மூடிக்குக்
குச்சியால் முட்டுக்கொடுத்திருக்கிறது,
மூச்சுமுட்டும் எஞ்சினுக்குக் காற்று வேண்டுமே.

எங்களுடையது மஞ்சள். எங்களுடையது என்றால்
ராதோவின் அப்பாவுடையது;
ஞாயிறு மதியம் அவர் தூங்கும் நேரம் மட்டும் எங்களுடையது.
முன்னிருக்கை பொயானாவுக்கு, கால் நீளம் என்பதால்.
பின்னால் நானும் லொய்ஸேயும்,
நடுவே ஒரு தர்பூசணி
அல்லது ஒரு சண்டை.

எழுபத்தாறு ஆகஸ்டில் எல்லை தாண்டிப் போய்
திரியெஸ்தேயில் ஜீன்ஸ் வாங்கினோம்.
சுங்கம் கட்டக் காசில்லை. ஆளுக்கு மூன்று,
ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு
முழங்கால் மடங்காமல்
பலகைகளைப் போல ஏறிச் சாய்ந்தோம்.
ராதோ எப்படிக் கிளட்சை மிதித்தான்
என்பது இன்றுவரை புரியவில்லை.
அதிகாரி குனிந்து பார்த்தார்:
"போகும்போது ஒல்லியாக இருந்தீர்களே?"
"இத்தாலிச் சாப்பாடு, ஐயா" என்றான் லொய்ஸே.
அவர் சிரிக்கவில்லை. கையை மட்டும் அசைத்தார், போ.
வேர்வையில் சாயம் இறங்கி
ஒரு வாரம் என் தொடை நீலமாக இருந்தது.

அந்தச் சாவடியில் இப்போது யாரும் இல்லை.
அந்த நாடும் இல்லை.
பெர்த்தில் கூரை வேய்ந்தே கிழவனாகிவிட்டான் லொய்ஸே.
பொயானா தன் சர்க்கரை அளவை
தினமும் காலையில் அனுப்புகிறாள், வேறொரு சொல்லும் இல்லாமல்.
ராதோவை மணந்தது நான். விட்டு வந்ததும் நான்.
வண்டியைப் பற்றி மட்டும்
எங்களுக்குள் ஒருநாளும் சச்சரவு வந்ததில்லை.

"உட்கார்ந்து பார்க்கிறீர்களா?" என்றான்
சாவியோடு வந்த பையன், கழுத்தில் பச்சை குத்தியவன்.
கை தானாகவே பையைப் பின்னிருக்கையில் வைத்தது.
நான் நுழைவதற்குள் ஓட்டிக்காட்டும் அவசரம் அவனுக்கு.
ஒரு இருமல். இன்னொன்று. அப்புறம் ஒன்றுமில்லை.
காது மடல்வரை சிவந்துபோனான்.

"தள்ளத்தான் வேண்டும்" என்றேன்.
"இரண்டாவது கியர். சொல்லும்போது கிளட்சை விடு."
எங்கே தோள் கொடுப்பது என்று எனக்கு நினைவில்லை,
தோளுக்கு நினைவிருந்தது.
செருப்பு வழுக்கியது. ஒரு தம், இன்னொரு தம்,
"விடு!"

பிடித்துக்கொண்டது.
பிடித்துவிட்டால் நிறுத்தக் கூடாது; அது சட்டம்.
அவன் நிறுத்தவில்லை.
புகைக்குள்ளிருந்து கையசைத்தபடி போகிறான்,
என் பழைய இடத்தில்
மீனும் பாலும் அமர்ந்து போகின்றன.

ராதோவும் நிறுத்த மாட்டான்.
கதவைத் திறந்துவைத்து வேகத்தைக் குறைப்பான்,
ஓடிவந்து தொற்றிக்கொள்ள வேண்டும்.
கடைசியாய் ஏறுவது எப்போதும் நான்தான்.

இதோ, வளைந்து திரும்பி வருகிறது,
ஒரு கதவு இறக்கையைப் போல விரிந்து.
என் வலது முழங்காலில்
போன வருடம் வைத்த உலோகம்.
மருத்துவர் படியேறக்கூட யோசிக்கச் சொன்னார்.

மீன் உருகிக்கொண்டிருக்கிறது.
ஓடுகிறேன்.