வெளிச்சம் போதுமா

மோர்ப்பண்ணை மாசிக் களரிக்கு
நாடகம் போட அனுமதி தந்த தாளில்
ஆறு நிபந்தனை.
தையில் கலைந்த ஆட்சியைப் பேசக்கூடாது.
தில்லியைப் பேசக்கூடாது.
அரிசி விலை கூடாது. மண்ணெண்ணெய்க் கியூ கூடாது.
ஆபரேசன் கேம்ப், அதற்குத் தரும் பிளாஸ்டிக் வாளி,
கூடவே கூடாது.
ஆறாவது:
மேற்படி ஐந்தையும் ஜாடையாகவும் பேசக்கூடாது.

ஜாடையை எழுதிவர என்னை அனுப்பினார்கள்.
பி.சி. ஆயிரத்து நூற்று இருபத்தேழு.
கையெழுத்து அழகு என்று ஸ்டேஷனில் பேர்.

வலை காயப்போடும் மணலில் மேடை.
கருவாட்டு வாடை. பின்னால் தர்பார் படுதா,
தேவிபட்டினம் ஆர்ட்டிஸ்ட் ஜமால்கனி வரைந்தது.
சிம்மாசனத்துக்கு மேலே வட்டத்துக்குள்
ஒரு முகம் இருந்ததாம்.
அழிக்கச் சொன்னதால் நீலம் பூசியிருந்தார்.
பிசகாமல் பூசியிருந்தார்.
காது இருந்த இடத்தில் காதளவு,
துண்டு இருந்த இடத்தில் துண்டளவு.
எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் யாரென்று சொல்லும்.
நான் கேட்கவில்லை.

பதினொன்றரைக்குப் பபூன் கருமலையான்.
ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் பூட்ஸ்.
மேடைக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தான்.
தூக்கிவந்த பெட்ரோமாக்ஸை
என் முட்டிக்குப் பக்கத்தில் வைத்து
மூன்று தரம் பம்ப் அடித்தான்.
"ஏட்டையா, எழுத வெளிச்சம் போதுமா?"
நான் ஏட்டு இல்லை.
இருந்தாலும் தலையாட்டினேன்.

மேடை ஏறி வாயைத் திறந்தான்.
ஒரு சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்ததை
கடைசி வரிசை பார்த்தது.
என் பேனாவைப் பார்த்தான்.
மூடிக்கொண்டான். விழுங்கினான்.
சொல் முள்ளாய்த் தொண்டையில் நின்றுவிட்டது.
முள் சிக்கினால் எல்லாரும் செய்வதுதானே,
இல்லாத சோற்றை உருட்டி
முழுசாய் உள்ளே தள்ளினான்.
போகவில்லை. இன்னொன்று உருட்டினான்.
அது கொஞ்சம் சின்னது.
அடுத்தது நெல்லிக்காய். அடுத்தது சுண்டைக்காய்.
கடைசியில் இரு விரலில் ஒற்றைப் பருக்கை.
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான்,
பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஆர்மோனியம் சவேரிமுத்து கட்டையைத் தொடவில்லை.
துருத்தியை மட்டும் அமுக்கினார்.
ஊர் முழுக்க மூச்சு வாங்கியது.
மிருதங்கம் நூர்தீன்
அடிக்க ஓங்கி ஓங்கி, கையைத் திரும்ப
மடியில் படுக்கவைத்தார்.

என் குறிப்பேட்டில் இருப்பது:
11.40. பேசவில்லை. சிரிப்பு.
11.43. பேசவில்லை. பலத்த சிரிப்பு. ஒரு கிழவர் புரையேறித் தண்ணீர் கேட்டார்.
11.50. விளக்கில் ஈசல்.

"எதுக்குடா சிரிச்சானுக?"
காலையில் இன்ஸ்பெக்டர்.
தெரியலைங்க ஐயா.
"என்ன செஞ்சான்னு செஞ்சு காட்டு."

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி நின்றேன்.
வாயைத் திறந்தேன். மூடினேன். விழுங்கினேன்.
இரண்டாவது உருண்டையில்
லாக்கப்புக்குள் எவனோ களுக்கென்றான்.
மூன்றாவதில் ரைட்டர் கேஸ் கட்டை முகத்துக்கு நேரே தூக்கினார்.
பருக்கைக்கு நான் வரவே இல்லை,
"போதும், நிறுத்து" என்றார் ஐயா.
மீசை மட்டும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

பங்குனி நாலாம் தேதி
கருமலையானைப் பிடித்தார்கள்.
உப்பூர் விலக்கு, ராத்திரி பத்து மணி,
விளக்கில்லாத சைக்கிள்.
நல்ல கையெழுத்தில் எழுதச் சொன்னார்கள்.

எதிரில் குத்தவைத்திருந்தான்.
உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது.
'விளக்கு இல்லை' என்கிற இடத்தில்
பேனா அடைத்துக்கொண்டது. உதறினேன்.

நான் உதறி முடிக்கும்வரை காத்திருந்து
சட்டைப்பைக்குள் இரு விரல் விட்டான்.
அந்த ஒற்றைப் பருக்கையை எடுத்தான்.
வாயில் போட்டு
வெகுநேரம் மென்றான்.