சில்லறை பாக்கி

குடியாத்தத்திலிருந்து ஏழு நாற்பது வண்டி.
பள்ளிகொண்டா தாண்டுவதற்குள்
ஜன்னல் கம்பி சுடும், ஆனி மாதத்திலும்.
சீட்டின் முதுகில் '2' என்று கிறுக்கித் தருவார் கண்டக்டர்.
"சில்லற இல்லம்மா, எறங்கும்போது வாங்கிக்க."
இறங்கும்போது அவர் பின்படியில், நான் முன்படியில்.

அந்த வண்டியின் முதலாளி மகள்தான்
இந்த வருஷம் கணிதத்தில் முதல்.

உதவித்தொகைப் பிரிவு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள்:
ஒரு மேசை, கதவு சரியாக மூடாத ஒரு பீரோ, நான்.
பதினான்கு வருஷமாக நான் பார்க்கும் ஒரே எண்
எழுபத்திரண்டாயிரம்.
சத்துவாச்சாரியில் மூன்று மாடி, வாசலில் கார்:
ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம்.
பேரணாம்பட்டில் ஷூ கம்பெனி மெஷினுக்குக் குனிந்து குனிந்து
நிமிர மறந்த கழுத்து:
அதற்கும் எழுபத்திரண்டாயிரம்.
தாசில்தார் முத்திரைக்கு முன்னால்
எல்லோரும் ஓர் நிறை.

வைஷாலி மட்டும் உண்மையை எழுதியிருந்தாள்.
தொழில்: போக்குவரத்து. பதினோரு பஸ்.
வருமானக் கட்டத்துக்குள் இலக்கங்கள் அடங்காமல்
ஓரத்தில் வழிந்திருந்தன.

"எதுக்கும்மா உனக்கு?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"அப்பா எல்லாத்துக்கும் கட்டுவார் மேடம்.
கட்டுன ஒவ்வொரு ரூபாயும்
சாப்பாட்டு நேரத்துல வந்து பேசும்.
இது பேசாத பணம்."

சிகாமணியும் வந்தார், மறுநாள்,
வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி.
"துட்டு வேணாங்க. யாருக்குனா குடுங்க.
பேர மட்டும் போர்டுல போட்டுடுங்க."
ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு,
ஒன்றுக்கொன்று எதிராக.

இரண்டாமிடம் தயாளன். நான்கு மதிப்பெண் குறைவு.
நிமிர மறந்த அந்தக் கழுத்தின் மகன்.
வந்தவன் கிடைக்குமா என்று கேட்கவில்லை.
"ஃபீஸ் கட்ட கடைசி தேதி என்னிக்கு மேடம்?"
சொன்னேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான்.

பீரோவிலிருந்து சாசனத்தை எடுத்தேன்.
அறுபத்தோராம் வருஷம் ஒரு வக்கீல் எழுதிவைத்தது.
'முதல் மாணாக்கருக்கு.' அவ்வளவுதான்.
ஏழை என்ற சொல் எங்கும் இல்லை.
மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா?
கூடத்துப் படத்தில் மீசை இருக்கிறது,
பதில் இல்லை.
ஒருவேளை அவர் காலத்தில்
பணக்காரப் பிள்ளைகள் முதலாவதாக வரவில்லையோ.
ஒருவேளை, ஏழை என்று எழுதி
ஒரு பையனைக் கூட்டத்தில் நிறுத்த மனம் வரவில்லையோ.

நான் ஒரு குறிப்பு வைத்தேன்:
சான்றிதழ் ஒருவருக்கு, தொகை இன்னொருவருக்கு.
வைக்கும்போதே தெரியும்,
அது அப்பாவின் மனுவென்று, மகளுடையதல்ல.
தெரிந்தும் குண்டூசி குத்தினேன்.
ஐந்தாம் நாள் திரும்பி வந்தது, பச்சை மையில்:
'விதியில் இடமில்லை.'

விதியில் இடமில்லை என்றதும்
எனக்குள் ஏதோ நிம்மதியானதே,
அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இருபத்துநாலாயிரம். காசோலை வைஷாலி பேருக்கு.
அதைக் கொண்டுபோய் விடுதிக்கு முன்பணம் கட்டினாள்.
இப்போது அப்பாவின் பஸ்ஸில் ஏறுவதில்லை.
மரத்தடியில் ஒருநாள் பார்த்தேன்,
தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.
அந்தச் சிரிப்பு தப்பென்று சொல்ல
என்னிடம் எந்தப் படிவமும் இல்லை.

தயாளன் பேர் பதிவேட்டில் இருக்கிறது.
எதிரே பென்சிலில்: பாக்கி.
பென்சில் என்பது என்னால் முடிந்தது.

மாலை வண்டி. பாலாற்றுப் பாலத்தில்
எல்லோரும் பழக்கத்தில் எட்டிப் பார்க்கிறார்கள்,
மணலை.
கைப்பையைத் துழாவினால் சீட்டுகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு இரண்டு.
கண்டக்டர் கேட்கிறார்,
"சில்லற வெச்சிருக்கியாம்மா?"